நிறம் மாறிய ஆப்பிள்

பல் டாக்டர் தொழிலை விட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. வாய் சம்பந்தப்பட்ட வம்புகள்தான் அவரை விடுவதாக இல்லை. அன்று மதியம் வந்த பெண், திறக்காத சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, அதைத் தொட்ட விரல்களைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவள் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. உறிஞ்சி, துப்பி, தரம் சொல்ல வேண்டும். காரமும் பூண்டும் நாக்கைக் கெடுக்கும் என்பதால், மதியச் சாப்பாடு வேகவைத்து மசித்த ஆப்பிள் மட்டுமே.

"ஆப்பிளை வேகவைக்காம தின்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது டாக்டர். வாய் அரிக்கும், உதடு வீங்கும். வேகவச்சா ஒண்ணும் பண்ணாது. ஆனா இந்த மாசம் வெந்ததைச் சாப்பிட்டே மூணு தடவை வந்துடுச்சு. போன வாரம் தொண்டையே அடைச்சுது. இன்னொரு தடவை வந்தா உசுருக்கு ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில என்கிட்டயும் என் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"எப்படித் தப்பிச்சீங்க?"

"என் வீட்டுக்காரர் என் பையில அலர்ஜி மாத்திரை வச்சிருந்தார். மூணு தடவையும் அதான் காப்பாத்துச்சு." சொல்லும்போது அவள் குரல் கனிந்தது. "ஆப்பிளை வேகவைக்கிறது என் நாத்தனார். வீட்டுக்காரர் அதை டப்பாவுல போட்டுக் குடுப்பார். தலைமைப் பதவிக்கு எனக்குத் தேர்வு இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதுக்கு முந்தின நாள்தான் இப்படி ஆகித் தேர்வு தள்ளிப்போகுது. நாளைக்குக் கடைசி வாய்ப்பு. ஜெயிச்சா வேற ஊருக்குப் போகணும். அது நாத்தனாருக்குப் பிடிக்கல. அதான் இன்னைக்கு இதைத் தொடவே பயமா இருக்கு."

"நாத்தனார்தான். சந்தேகமே இல்ல," என்றார் நர்சம்மா. டாக்டரிடம் இருபது வருடம் வேலை பார்த்தவர். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே எந்தப் பல் என்று சொல்லிவிடுவார்.

டாக்டர் டப்பாவைத் திறந்தார். ஆப்பிள் கூழ் பழுப்பேறிக் கிடந்தது. பிறகு அவளுடைய பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். ஒரு ஸ்பூன், வீட்டுச் சாவி. அவ்வளவுதான். அவர் டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மூவரும் வீட்டுக்குப் போனபோது, வேலைக்கு லீவு போட்டிருந்த கணவர் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் எழுந்தார்.

"நீயா?" என்றார்.

சமையலறையில் காலையில் வெந்த ஆப்பிள் பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. அது வெளிர் மஞ்சளாகவே இருந்தது. அங்கிருந்த நாத்தனாரும் பின்னால் வர, டாக்டர் அதை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே அடுப்புல வெந்தது. ஒண்ணு மட்டும் ஏன் கறுத்துச்சு?" அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பறிச்ச தேயிலையைக் கசக்கி வச்சா என்னம்மா ஆகும்?"

"கறுக்கும்."

"பச்சையாவே இருக்கணும்னா?"

"உடனே சூடு காட்டணும். சூடு பட்ட இலை அப்புறம் கறுக்..." அவள் நிறுத்திவிட்டாள்.

"ஆப்பிளும் அப்படித்தான். வெந்தது கறுக்காது, உங்க வாயையும் ஒண்ணும் செய்யாது. ரெண்டையும் தடுக்கிறது அந்தச் சூடுதான். டப்பாவுல யாரோ வேகாத ஆப்பிளைத் துருவிக் கலந்திருக்காங்க. பாத்திரத்துல இருக்கிறது சுத்தமா இருக்கு. அப்போ கலந்தது சமைச்சவங்க இல்ல, டப்பாவுல போட்டவர்."

நர்சம்மா நாத்தனாரைப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணா?" என்றாள் நாத்தனார்.

கணவர் மனைவியை மட்டும் பார்த்துப் பேசினார். "நீ என்னை விட்டுப் போகக்கூடாதுன்னுதான். நாக்கு ரெண்டு நாள் கெட்டா தேர்வு தள்ளிப்போகும், அவ்வளவுதான். உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே மாத்திரை வச்சேன்?"

"மூணு தடவை வச்சீங்க," என்றார் டாக்டர். "உசுருக்கே ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில கேட்ட பிறகு, இன்னைக்கு வைக்கல. போன் பக்கத்துல எந்தச் செய்திக்காக உட்கார்ந்திருந்தீங்க?"

அந்தப் பெண் கணவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "நான் நம்பறேன்."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். கடைசியில் நாத்தனார்தான் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.