எஸ்தரின் எடை பதினெட்டு கிலோ

“கஸ்தூரி அவர்கள் சென்ற மாதம் காலமாகிவிட்டார். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றது மருத்துவப் பேழை.

இடுப்பில் மகளோடு நின்ற கஸ்தூரி, “செத்தது என் மாமனாரு. நான் உசிரோடதான் நிக்கிறேன், பாரு” என்றாள்.

பேழை பார்க்கவில்லை. முகம் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று, அவற்றை முகம் பார்க்காத இயந்திரங்களாகவே சட்டம் போட்டுச் செய்திருந்தார்கள். மணிக்கட்டில் இருக்கும் நலவளைதான் ஆள். வளை கிடைக்க முகவரி வேண்டும். மேம்பாலத்தின் அடியில் பாசிமணி கோத்துப் பிழைத்தவர்கள், ஊரார் நரிக்குறவர் என்று சொல்லும் வாக்ரி மக்கள், பத்தொன்பது பேர். அவர்களில் கஸ்தூரிக்கு மட்டும், விடுதிப் பள்ளியில் படித்த புண்ணியத்தில், ஒரு வளை இருந்தது. இருக்கிற ஒன்றை எல்லோரும் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆகவே பேழையின் பதிவில் கஸ்தூரி ஒரே ஆண்டில் இரண்டு முறை பிரசவித்து, கண்புரை நீக்கிக்கொண்டு, கடைசியில் மாரடைப்பில் இறந்தும் போயிருந்தாள்.

மகள் ரோஜாவுக்கு ஏழு வயது. மூன்று வாரமாக இருமலும் காய்ச்சலும். பிள்ளை நாராக இளைத்திருந்தாள்.

பேழையைத் துடைத்துப் பராமரிக்கும் எஸ்தர், வாளியைக் கீழே வைத்தாள். தன் வளையைக் கழற்றி ரோஜாவின் கையில் போட்டாள். பெரிதாக இருந்ததால் முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

“உங்க வேலை போயிடுமேக்கா.”

“இது என்ன மூஞ்சியவா பாக்குது? கையை உள்ள வை, கண்ணு.”

காசநோய் என்றது பேழை. ஆறு மாத மருந்து. வளை கையை விட்டு இறங்கக் கூடாது. அது இருக்கும் இடத்துக்கே மருந்துப் பறவை என்னும் குட்டிப் பறக்கும் இயந்திரம் தினமும் மாத்திரை கொண்டுவரும்.

“ஆறு மாசமா?” கஸ்தூரி வளையைக் கழற்றப் போனாள். எஸ்தர் தடுத்தாள்.

“இருக்கட்டும். என்னைக் கர்த்தர் பாத்துக்குவார். இவளை இது பாத்துக்கட்டும்.”

மாத்திரை தவறாமல் வந்தது. வேலை முடிந்ததும் எஸ்தரும் வந்து ரோஜாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஏழாம் நாள் காலை, மேம்பாலத்தின் கீழே ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. கஸ்தூரி ரோஜாவின் கையை முந்தானையால் மூடினாள். வளையைப் பறித்துவிட்டால் மருந்து நின்றுவிடும். மருந்து நின்றால் பிள்ளை தங்காது.

வண்டி பேசியது. “நோயாளி எஸ்தர், வயது நாற்பத்தொன்று. போன மாதம் அறுபத்திரண்டு கிலோ. இப்போது பதினெட்டு. இப்படியோர் எடை இழப்பை நாங்கள் கண்டதில்லை. வளை ஆறு இரவுகள் தங்கியதால் இதுவே அவருடைய முகவரி. உடன் வசிக்கும் உறவினர் அனைவரும் பரிசோதனைக்கு வரவும். வளை இல்லாதவர்களுக்கு இதே முகவரியில் வளை வழங்கப்படும்.”

முப்பது ஆண்டுகளாக அங்கே வசித்தவர்களுக்காக வராத வண்டி, அங்கே வசிக்காத ஒருத்திக்காக வந்திருந்தது.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “எஸ்தருக்கு நீங்கள் என்ன உறவு?”

“தாய்மாமன்” என்றான் கஸ்தூரியின் கணவன். “நாத்தனா” என்றாள் அடுத்தவள். பல்லில்லாத மாமியார் சற்று யோசித்து, “நான் பேத்தி” என்றாள். வரிசையே சிரித்தது. வண்டி அதையும் பதிந்துகொண்டு ஒரு வளையை நீட்டியது.

கடைசியில் எஸ்தரே வந்து நின்றாள். முந்தின நாளிலிருந்து அவளுக்குக் கடுங்காய்ச்சல். தினமும் அவள் துடைக்கும் பேழை, வளை இல்லாத அவள் கையைத் திருப்பி அனுப்பியிருந்தது.

“எஸ்தருக்கு நீங்கள் என்ன உறவு?”

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். “நான்தான் எஸ்தர்” என்றாள்.

“எஸ்தரைப் பரிசோதித்தாகிவிட்டது. உறவு இல்லாதவர்கள் விலகி நிற்கவும்.”

கஸ்தூரி வரிசையை மீறி வந்து அவள் தோளில் கை போட்டாள். “பெரியம்மா. எங்ககூடத்தான் இருக்கு. எழுதிக்க.”

எஸ்தர் மறுக்கவில்லை. வண்டி நீட்டிய வளையைக் கையில் போட்டுக்கொண்டு, அதில் ஒளிர்ந்த எழுத்தைப் படித்தாள்.

எஸ்தரின் பெரியம்மா. மேம்பாலத்தின் கீழ், மூன்றாம் தூண்.