எட்டாவது சுவிட்ச்

காலை ஆறே கால். செட்டிபாளையத்தில், வாவிக்கரையை ஒட்டிய தன் விருந்தினர் விடுதியின் பின்முற்றத்தில் வதனி தன் கணவனைக் கண்டார். கோணாமலை புதிய சுடுநீர்த் தொட்டியின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தார். வலது கை தோள்வரை தண்ணீருக்குள் இருந்தது. அன்று வரவிருந்த விருந்தாளிகளுக்காகச் சூடு பார்க்கப் போனவர். தொட்டதும் கரண்ட் வதனியை உதறித் தள்ளியது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஏழே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் மக்டலின் வந்தார். அழுகிறவர்களைப் பார்த்தால் உடனே நம்பிவிடும் பலவீனம் அவருக்கு உண்டு. அதனால் செத்த வீடுகளில் முகங்களை விட்டுச் சுவர்களைப் பார்ப்பது அவர் பழக்கம். அன்றும் நேரே மின்பலகையிடம் போனார். தொட்டி வைத்தபோது வீடு முழுவதற்குமாக மாட்டிய புதுப் பலகை அது. எட்டுச் சுவிட்சுகளில் ஏழின் கீழே பெயர் எழுதியிருந்தது. எட்டாவதன் கீழே ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தார். ட்ரிப் சுவிட்சைச் சுற்றி இரண்டு துண்டு வயர்களால் யாரோ குறுக்குவழி போட்டிருந்தார்கள்.

கரண்ட் கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்து ஆளைக் காப்பாற்ற வேண்டிய சுவிட்ச் அது. அதை இருந்தும் இல்லாததாக ஆக்கிவிட்டார்கள். உவர்த் தண்ணீர் தின்ற ஹீட்டரில் இருந்து கரண்ட் கசிந்தபோது, விழ வேண்டிய சுவிட்ச் விழவில்லை, மனுசன் விழுந்தார்.

மெயினை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, மக்டலின் பலகைக்கு முத்திரை வைத்தார்.

பலகையை மாட்டியவன் பக்கத்து ஊர் வயரிங்காரன் சதீஸ். மத்தியானத்துக்குள் ஊர் அவனைக் கொலைகாரனாக்கிவிட்டது. அடி விழுவதற்கு முன் மக்டலின் அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். அவன் சொன்ன கதை இது. சித்திரை வருடப்பிறப்பு கழியத் தொட்டியைப் பொருத்தினான். பழைய வீட்டில் அதுவரை ட்ரிப் சுவிட்சே இருக்கவில்லை. காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது என்பதால் புதிதாக ஒன்றைப் போட்டான். அன்றிலிருந்து அது விழத் தொடங்கியது. தொட்டி, மோட்டர், விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தான். அவன் நிற்கும்வரை ஒன்றும் நடக்காது, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி விழுந்துவிட்டதாகப் போன் வரும். கோணாமலை அவனை வாயில் வந்தபடி ஏசினார். திடீரென்று போன வாரம் எல்லாம் சரியாகிவிட்டது. ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

“துண்டு வயர் நீ போட்டதா?” என்று மக்டலின் கேட்டார்.

“ஒருக்காப் போட்டன், மேடம். ட்ரிப்தான் பழுதோ எண்டு பாக்க. உடனே கழட்டிட்டன்.”

“ஆர் பாத்தது?”

“வதனி அக்காட தங்கச்சி, அஜந்தா அக்கா. தேத்தண்ணி கொண்டு வந்தவ. இது என்னத்துக்கு எண்டு கேட்டவ. சொன்னன்.”

“இப்ப கிடக்கிற வயர்?”

“என்டயில்ல. நான் மண்ணிறமும் நீலமும்தான் பாவிக்கிற. இது அந்தக் காலத்துச் சிவப்பு வயர்.”

மக்டலின் அந்தத் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றின் மேல் காய்ந்த சீமெந்துப் பொட்டு ஒட்டியிருந்தது.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். மூத்தவள் வதனிக்கு வாவி பார்த்த தாய்வீடு கிடைத்தது. அதே வளவின் பின்பக்கத்தில் அஜந்தாவுக்கு இன்னொரு வீட்டைப் பெற்றோர் கட்டிக்கொடுத்தார்கள். நடுவில் ஒரு வேலி, வேலியில் இரண்டு வீட்டாரும் போய்வர ஒரு கடப்பு. அஜந்தாவின் கணவன் கட்டாரில் இருந்தான். அவள் தோணிக்காரரிடம் இறால் வாங்கி, ப்ரீசரில் வைத்து, டவுன் ஹோட்டல்களுக்கு விற்றுவந்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. உண்ண மறுத்த அக்காவுக்கு அவளே பிசைந்து ஊட்டினாள். பார்த்தவர்கள் இப்படியொரு தங்கச்சி கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார்கள்.

மூன்றாம் நாள், காலை பத்து மணி. மக்டலின் கடப்பைத் தாண்டிப் போனார். அஜந்தா வீட்டுப் பின்னால் புதிதாகக் கிண்டிய மணலில் காகங்கள் சண்டைபோட்டன. உள்ளே பாதி புதைந்து அழுகிய இறால் கிடந்தது, ஒரு பெட்டி இரண்டு பெட்டி அல்ல. அழுத அழுகையில் ப்ரீசரை மூட மறந்துவிட்டதாக அஜந்தா சொன்னாள். மக்டலின் தலையாட்டினார். தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து வதனியிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். துண்டு வயர் வருவதற்கு முன்னும் ட்ரிப் விழாமல் இருந்த நாட்கள் ஏதாவது உண்டா?

“கண்ணகை அம்மன் சடங்குக்குள்ள விழவேயில்ல, மேடம். கோயில் கதவு திறந்ததில இருந்து கடைசி நாள் குளிர்த்தி வரைக்கும். அம்மன்ட காவல் எண்டு அவர் சொன்னார்.”

“தொட்டியப் பாவிக்கல்லையா?”

“கொழும்பால வந்து நிண்டவங்க. பகல் முழுக்க அதுக்குள்ளதான் கிடந்தவங்க.”

மக்டலின் சதீஸை வரவழைத்தார். பலகைக்கு முன்னால் அக்காவையும் தங்கையையும் கூப்பிட்டு நிறுத்தினார். தொட்டியின் இணைப்பைக் கழற்றி, துண்டு வயர் இல்லாத ட்ரிப் சுவிட்சை ஏற்றி, மெயினைப் போடச் சொன்னார். எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்ததால் வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு மோட்டரும் ஓடவில்லை. சுவிட்ச் அசையாமல் நின்றது. பிறகு ஒரு கான்ஸ்டபிளை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

“அஜந்தாட ப்ரீசரப் போடுங்க.”

டக். ட்ரிப் சுவிட்ச் விழுந்தது.

எல்லோரும் சுவிட்சைப் பார்த்தார்கள். அஜந்தா மட்டும் சுவரைப் பார்த்தாள். இந்தமுறை மக்டலின் முகத்தைப் பார்த்தார்.

“இந்தச் சுவிட்ச் ஒரு நாளும் பழுதாகல்ல,” என்றார். “போன கரண்ட் போன வழியில திரும்பி வராட்டி விழும். அதுதான் அதுட வேல. வதனிட வீட்டில இருந்து போன கரண்ட் உங்கட ப்ரீசருக்க ஓடி, உங்கட வீட்டு வயரால வெளியேறிச்சு. சடங்குக்கு ஊரே மச்சம், மீன் இறைச்சி எல்லாம் விட்டது. நீங்களும் ப்ரீசரக் கழுவிக் காயப்போட்டீங்க. அதால அந்த நாளில விழல்ல. சதீஸ் வந்தா நீங்க தேத்தண்ணியோட வந்தீங்க, வரக்குள்ள ப்ரீசர நிப்பாட்டிப்போட்டு வந்தீங்க. அதால அவன் நிண்ட நேரமும் விழல்ல.”

மற்றதை அவர் அமைதியாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அஜந்தாவின் வீட்டைக் கட்டும்போது சீமெந்து மெசினுக்காக அக்கா வீட்டிலிருந்து இழுத்த சிவப்பு வயர் அது. புது வீட்டுக்குத் தனி மீட்டர் வந்தபிறகும் அது மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, அக்கா வீட்டுச் செலவில் அஜந்தாவின் ப்ரீசரை ஓட்டியது. மிஞ்சிய முனையை வெட்டித்தான் அந்தத் துண்டுகளைச் செய்திருந்தார்கள். கோணாமலை செத்த காலை போலீஸ் மெயினைப் பூட்டியதும் வதனி வீட்டுக்கு வெளியே ஊரில் ஒரேயொரு ப்ரீசர்தான் நின்றுபோனது. சொந்த வீட்டில் கரண்ட் இருக்க, அஜந்தா இறாலைப் புதைத்தாள்.

“ட்ரிப்புக்குக் குறுக்கால வயர் போட்டது அஜந்தா,” என்றார் மக்டலின்.

அஜந்தா மறுக்கவில்லை. ட்ரிப் விழ விழ ப்ரீசரும் நின்றதால், மெயினை இறக்கிவிட்டு, சதீஸ் செய்ததைப் பார்த்தபடியே செய்தேன் என்றாள். அத்தானுக்கு இப்படி ஆகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை என்றாள். கடைசியில் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்:

“வாவி, வீடு, வாற சனம், எல்லாம் உனக்கு. அம்மாட வீட்டில இருந்து எனக்கு வந்தது அந்த ஒரு வயர்தான்.”

வதனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகச் சோறு பிசைந்து ஊட்டிய கை அது. கணவன் செத்த அன்றுகூட இப்படிக் கைவிடப்பட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. அன்று பக்கத்தில் தங்கச்சி இருந்தாள்.

கான்ஸ்டபிள் அஜந்தாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மக்டலின் மூடியைப் பூட்டப்போய், ஒரு கணம் நின்றார்.

“இந்த எட்டாவது சுவிட்ச் ஆருக்கு? பேர் இல்லையே.”

சதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். வதனிதான் பதில் சொன்னார். வாசல்வரை கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அது தங்கச்சிக்கு. அவட ப்ரீசருக்கு நம்மட செலவில ஒரு லைன் குடுப்பம் எண்டு அவர்தான் சொன்னவர். சடங்கு முடியச் சதீஸ இழுக்கச் சொன்னன். ட்ரிப் ஏன் விழுகுது எண்டு கண்டுபிடிச்சிட்டு இழுப்பம் எண்டவன்.”

வாசலில் அஜந்தாவின் கால்கள் நின்றன. வதனி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், அவள் கொண்டுவந்து வைத்திருந்த சோற்றுச் சட்டியை எடுத்துவந்து, கடப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார்.