நூலகச் சுவரில் நான்கு கோடுகள்

பகல் பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஏணியைத் தோளில் சாய்த்தபடி நூலகத்துக்குள் நுழைந்த பெயின்டருக்கு வாசலில் கால் இடறியது. முன்பு இல்லாத படி ஒன்று. "எவன் கட்டினான் இதை?" என்று திட்டிவிட்டு உள்ளே போனார்.

ஊரில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். இருபது வருடத்தில் அவர் இழுத்த கோடு எதுவும் ஒரு நூல்கூடப் பிசகியதில்லை.

இந்த ஊருக்கு எந்தப் பேரழிவு வந்தாலும் நூலகத்துக்குள் தண்ணீர் புகும். வடிந்த மறுநாளே, சுவரில் ஈரம் காய்வதற்குள், தண்ணீர் நின்ற மட்டத்தில் நீலக் கோடு போட்டு வருடத்தை எழுதிவிடுவார்கள். ஆறு கரை புரண்ட வருடம், புயல் கூரைகளைப் பிய்த்த வருடம், ஏரி உடைந்த வருடம். கடைசியாக, பதினோரு வருடங்களுக்கு முன், நான்கு நாள் விடாமல் கொட்டிய மழை. இப்போது பழுதுபார்ப்பில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்ததில் நான்கு கோடுகளும் போய்விட்டன.

நூலகப் பெண்மணி ஒரு நோட்டை நீட்டினாள். "தரையிலேருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம்னு எல்லாம் இதுல இருக்குண்ணே. அப்படியே போட்டுடுங்க."

"என் கோட்டை வச்சு நீங்க கண் டெஸ்டே பண்ணலாம் மேடம்."

மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். தினமும் தலையங்கத்தைச் சத்தமாக வாசிப்பதால் 'தலையங்கம்' என்றே அழைக்கப்படுகிற கிழவர்.

"மத்தியானத்துக்குள்ள முடிப்பியா ஸ்கேலு? இல்ல, அடுத்த தேர்தல் வரைக்கும் இழுப்பியா?"

பெயின்டர் தரையிலிருந்து டேப் பிடித்தார். சாக்பொடி தோய்த்த நூலை இழுத்து அடித்தார். நீல எனாமலில் முதல் கோடு வழுக்கிக்கொண்டு போனது.

பின்னாலிருந்து சேற்று வாடை வந்தது. சாக்கடை அடைத்திருக்கும் என்று நினைத்தார்.

இரண்டாவது கோட்டின்போது எங்கோ தகரம் கிழிகிற சத்தம். ஜன்னல் வழியே பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை.

"மூணாவது என்னுது," என்றார் தலையங்கம். "ஏரி உடைஞ்சப்ப எனக்கு ஏழு வயசு. அந்தத் தூணைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னேன். தண்ணி கீழுதட்டுல வந்து நின்னுச்சு. இன்னும் ஒரு விரக்கடை ஏறியிருந்தா, இந்நேரம் உனக்கு யாரு தலையங்கம் படிக்கிறது?"

பெயின்டர் மூன்றாவது கோட்டை முடித்தார்.

கிழவரின் பேச்சு நின்றது.

நான்காவதையும் முடித்து, வருடத்தை எழுதிவிட்டுத் திரும்பினார். தலையங்கம் எழுந்து நின்றிருந்தார். முகவாய் மேலே தூக்கியிருந்தது. குதிகால்கள் தரையில் இல்லை.

"என்ன பெரியவரே, டான்ஸா?"

கிழவர் முகவாயை இன்னும் மேலே தூக்கி மூச்சு இழுத்தார்.

அப்போதுதான் விட்டுப்போன கரண்டியை எடுக்க வந்தார் கொத்தனார். சுவரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"யோவ் ஸ்கேலு, எங்கேருந்துய்யா அளந்தே?"

"தரையிலேருந்துதான். நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"அது பழைய தரைய்யா. மண்ணடிச்சு, ஒரு அடி ஏத்தித்தானே டைல்ஸ் ஒட்டியிருக்கேன்! வாசல்ல படி கட்டினது எதுக்குன்னு நெனச்சே?"

மேஜை சாய்ந்தது.

தலையங்கம் தரையில் கிடந்தார். வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் மடக்கு மடக்காக வந்துகொண்டிருந்தது. ஒரு பாசித் துணுக்கும் வந்தது. நூலகப் பெண்மணி வீறிட்டாள்.

பெயின்டர் கிழவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். மூன்றாவது கோடு, ஏழு வயதுப் பையனின் தலைக்கு மேலே நின்றது.

முதல் இரண்டு வெள்ளத்தைப் பார்த்தவர்கள் செத்து மண்ணாகி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் நான்காவது?

பதினோரு வருடங்களுக்கு முன் அவர் வெளியூரில் வேலையாக இருந்தார். இங்கே ஒதுங்கியவர்கள் எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். கடைசியாக வந்த அவர் மனைவிக்கு மட்டும் படிக்கட்டு எட்டவில்லை. மூன்று வயது மகளைத் தோளில் நிறுத்தி, கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு, இதே ஜன்னலோரம் இரவு முழுக்க நின்றாள். தண்ணீர் அவள் உதட்டருகே நின்றது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, சீக்கிரம் வாங்களேன். அம்மா சமையல்கட்டுல நுனிக்கால்ல நிக்கிறாங்க. கூப்பிட்டா பேசல. வாயை மேல தூக்கித் தூக்கி மூச்சு விடுறாங்கப்பா."

"பாப்பா, போனை வைக்காதே."

நான்காவது கோட்டின் மேல் தின்னரைக் கொட்டித் துடைத்தார். பட்டித் தகட்டால் சுரண்டினார். நீலம் முழுசாக வந்துவிட்டது.

அதனடியில் சுவர் ஈரமாக இருந்தது. நேர்க்கோடாக. ஒரு நூல் பிசகாமல்.

ஒரு அடி கீழே புதுக் கோடு இழுத்தார். பெயின்ட் ஒட்டவில்லை; வழிந்து தரைக்கு வந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி வழிந்தது.

போனில் கொப்பளிக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல், மனைவியின் குரல்.

"அசையாதே பாப்பா... காலைப் பிடிச்சிருக்கேன்..."

அதன்பிறகு மகளின் அலறல் மட்டும்.

நுரையீரல் நிறையத் தண்ணீர் என்றார் டாக்டர். சமையல்கட்டுத் தரையில் ஒரு சொட்டு இல்லை. மனைவியின் இரண்டு கைகளும் தோளுக்கு மேலே தூக்கியபடி விறைத்திருந்தன. மூன்று பேர் சேர்ந்தும் இறக்க முடியவில்லை. அப்படியேதான் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை மகள் பாவாடையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கணுக்கால்களிலும் ஈரமான விரல் தடங்கள். துடைத்தால் மறுபடி ஊறின.

"அம்மா இன்னும் விடலப்பா," என்றாள். அவளுக்கு அதில் பயம்கூட இல்லை.

பெயின்டர் தடங்களை எண்ணினார். பத்து.

அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் அவருக்கு இதே வேலை. ஐந்தாம் நாள் ஒன்பதுதான் இருந்தது. பிடி விட்டால், தோளில் நிற்பவளும் தண்ணீருக்குள்தான். நூலகத்துக்கு ஓடி, அந்த ஈரக் கோட்டைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளே செங்கல்லும் அதே மட்டத்தில் நனைந்திருந்தது.

இன்று ஒன்பதாம் நாள். இடது காலில் ஐந்து. வலது காலில் இரண்டு.

"அம்மாவுக்குக் கை மரத்துப்போச்சாம்ப்பா," என்று மகள் மெல்லச் சொன்னாள்.

அவர் அந்த வலது காலை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார். அவர் விரல்களின் இடுக்கில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு தடம் காய்ந்தது.