கத்தி பிடிக்க ஒருத்தி தேவை

பருத்திப்பட்டு ஏரியில் மிதந்தது சுவேதாவின் உடல்.

வாக்கிங் வந்தவர்கள் பார்த்தார்கள். போலீஸ் வந்தது. கால் வழுக்கி விழுந்திருப்பாள் என்று ஃபைலை மூடியது.

உதயகுமார் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் சலூனில் சுவேதாதான் நம்பர் ஒன். அவள் கைக்காகவே வேலப்பன்சாவடி காலேஜ் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைத்தான் அவள் அள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள்... வேலப்பன்சாவடியிலேயே சொந்தமாகக் கடை போடப் போவதாகச் சொன்னாள்.

விடுவானா உதயகுமார்?

பேசி முடிக்கலாம் என்று ஏரிக்கரைக்குக் கூப்பிட்டான். ஒரே தள்ளு. மீதியை ஏரி பார்த்துக்கொண்டது.

காரியம் முடிந்த கையோடு கண்ணாடிக் கதவில் 'ஆட்கள் தேவை' தொங்கியது.

சுவேதா போனதிலிருந்து மனைவி கலைவாணி சலூன் மாடி வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவளும் சலூனில் கத்தி பிடித்தவள்தான். இன்டர்வியூவுக்கு வந்து உட்காரக் கூப்பிட்டான். அவள் இறங்கி வரவில்லை.

முதலில் வந்தவன் பரத், ஆவடிக்காரன். காதோரம் மெஷின் ஓட்டிக் காட்டினான். அருமையான வேலை.

"இங்க எத்தினி வருசம் இருப்ப நைனா?"

"ரெண்டு வருசம்ணே. அப்பால சொந்தமா கடை போட்டுருவேன்."

"சரி, போன் பண்றேன். கெளம்பு."

அடுத்து கிருஷ்ணப்பிரியா. பாரிவாக்கம். தரையைப் பார்த்தே பேசினாள்.

"ஊட்ல யாரெல்லாம் கீறாங்க?"

"யாரும் இல்ல சார். அம்மா போன வருசம் தவறிட்டாங்க. ஹாஸ்டல்ல கீறேன்."

"நீ காணாம போனா யாரு தேடுவாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

"யாரும் தேட மாட்டாங்க சார்."

உதயகுமாருக்கு உள்ளுக்குள் இனித்தது. இவள்தான்... இவளேதான்.

"எனக்கு ஷேவ் பண்ணிக் காட்டு. கை எப்படி கீதுன்னு பாக்கறேன்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தான். அவள் கழுத்தில் துணியைக் கட்டினாள். வெந்நீரில் பிழிந்த துண்டை, மூக்கு மட்டும் தெரிய முகத்தில் சுற்றினாள். பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் கொட்டியது.

திரும்பி வரும் காலடி.

துண்டு கண்ணை விட்டு நகரவில்லை. தாடை மட்டும் திறந்தது. சோப்பு நுரை... அப்புறம் கத்தி. மயிலிறகு மாதிரி இறங்கியது.

"சோக்கா கீதும்மா. நீ செலக்ட்."

கத்தி மட்டும் நகர்ந்தது. பயந்த பெண். இன்னும் கொஞ்சம் பயந்தால் நல்லது.

"ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்க. இங்க வேலைக்கு வந்தவ வெளிய போவக் கூடாது. சுவேதான்னு ஒருத்தி போறேன்னா. ஏரியில தள்ளிட்டேன். கரையைப் புடிச்சிக்கினு மேல ஏறப் பார்த்தா... வெரலை மிதிச்சேன். அவளுக்கே யாரும் கேக்கல. உனக்குக் கேக்க நாதியே இல்ல."

கத்தி தொண்டைக்குழியில் நின்றது.

"மிதிச்சீங்களா?"

கிருஷ்ணப்பிரியாவின் குரல் இல்லை.

"க... கலை?"

"அசையாதீங்க. புது பிளேடு."

"அந்தப் பொண்ணு எங்க?"

"பின்வாசல் வழியா அனுப்பிட்டேன். இந்நேரம் பஸ் ஏறியிருப்பா. மாடிப்படியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன். காணாம போனா யாரு தேடுவாங்கன்னு கேட்டீங்க பாருங்க... அப்பவே எறங்கிட்டேன்."

"சும்மா பயமுறுத்தினேன் கலை. நெசம்னு நெனச்சிக்கினியா?"

"சுவேதாவைக் குளிப்பாட்டினது நான்தான். வலது கையில நகமெல்லாம் பிஞ்சிருந்தது. கல்லு கிழிச்சிருக்கும்னு சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை."

கழுத்துத் துணிக்குள் அவன் கைகள் துழாவின. கத்தி ஒரு நூல் அழுந்தியது. சூடாக எதுவோ காலருக்குள் வழிந்தது. கைகள் அடங்கின.

"நம்ம கடைக்காகத்தான்டி செஞ்சேன். உனக்காகத்தான்."

"அந்த வேலப்பன்சாவடி கடையில அவளுக்கு யாரு பார்ட்னர்னு கேட்டீங்களா?"

அவன் தலையை நிமிர்த்தப் பார்த்தான். கத்தி விடவில்லை.

"நான்தாங்க. உங்க கையில அடி வாங்காம ஒரு நாள் கண்ணு முழிக்கணும்னு நெனச்சேன். அதுக்கு எனக்கு இருந்த ஒரே தொணை அவ. அவளைத் தள்ளிட்டு வந்து, என்கிட்டயே காபி கேட்டுக் குடிச்சீங்க."

துண்டை எடுத்தாள். எதிர்க் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதில் அழுகை இல்லை. கோபம்கூட இல்லை. தினமும் முடிவெட்டும் ஆளின் நிதானம்தான் இருந்தது.

"கலைவாணி... அந்தப் பொண்ணை வெச்சிக்கினு கடையை நீயே நடத்து. நான் எங்கனா போயிடறேன்."

"அவளை நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டேன்" என்றாள் கலைவாணி, இடது கையால் அவன் முடியைப் பற்றித் தலையைப் பின்னால் சாய்த்தபடி. "ஆளெடுப்பு முடிஞ்சுதுங்க... இப்போ ஆட்குறைப்பு."