மைனஸ் இரண்டில் ஒரு வழி

மெஹருன்னிசா சுரங்கத்துக்குள் இறங்கி ஒரு முழு நாள் ஆகியும் திரும்பவில்லை. கைவிடப்பட்ட அந்த அப்பிரக (மைக்கா) சுரங்கத்தை வரைபடமாக்க வந்த மூன்று மாணவர்களில் அவள்தான் முதலில் உள்ளே போனவள். மழையில் மலைப்பாதை அறுந்துபோனதால் மீட்புக் குழு மாலைக்கு முன் வந்து சேராது. சுடர்க்கொடியும் ஜோதிலிங்கமும் அதுவரை பொறுக்கவில்லை. காலையிலேயே கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள்.

உள்ளே வழிகள் கட்டம்போட்ட தாள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடின. இறங்கும் இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, கிழக்கே x, வடக்கே y என்று மெஹர் கணக்கு வைத்திருந்தாள். கொஞ்ச தூரத்தில் அவள் பை கிடந்தது. அதற்குள் ஒரு சீட்டு இருந்தது: கால் முறிந்துவிட்டது, கயிற்றில் ஏற முடியாது. y = 3 வழியும் x = −2 வழியும் சந்திக்கும் இடத்தில் பகல் வெளிச்சம் பார்த்தேன். ஊர்ந்து போகிறேன்.

அப்போதுதான் பின்னால் இடி இடித்தாற்போல் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், கயிறு தொங்கிய இடத்தில் பாறைக் குவியல். ஜோதியின் விளக்கும் அணைந்துபோயிருந்தது; சுடரின் விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

x என்றால் படுக்கைக் கோடுதானே, தெற்கே இரண்டாவது குறுக்கு வழிதான் x = −2 என்று ஜோதி அடித்துச் சொன்னான். மைனஸ் என்றால் வரைபடத்தில் கீழே என்பது அவன் நினைப்பு. சுடர் பின்தொடர்ந்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, மார்புக்கு ஏறியது. மூச்சுத் திணறித் திரும்பினார்கள்.

பாறைக் குவியலருகே உட்கார்ந்து சுடர் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள்.

“இங்க பாரு ஜோதி. x = −2ன்னா x மாறவே மாறாது. y மட்டும்தான் மாறும்.”

(−2, 0), (−2, 1), (−2, 2) என்று புள்ளி வைத்தாள். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

“நெட்டுக்குப் போற வழி இது,” என்றான் ஜோதி மெல்ல. “அப்போ y = 3தான் குறுக்கே ஓடுது.”

வடக்கே நடந்தார்கள். ஒவ்வொரு குறுக்கு வழியையும் சுடர் சுவரைத் தடவி எண்ணினாள். மூன்றாவதில் ஈர முகத்தில் சில்லென்று காற்று பட்டது. மேற்கே திரும்பி ஒன்று, இரண்டு எண்ணியதும், வெளியே ஏறும் சரிவுப் பாதையை அடைத்துக் கிடந்த மர உத்தரங்களில் மெஹர் சாய்ந்திருந்தாள். அவற்றின் இடுக்கில் வெளிச்சம் கசிந்தது.

“தண்ணி இருக்கா?” என்றாள் அவள்.

உத்தரங்களைப் புரட்டித் தள்ள ஒரு மணி நேரம் பிடித்தது. அவளை மாறி மாறிச் சுமந்து வெயிலுக்கு வந்தார்கள்.

x என்ற பேரைப் பார்த்தே திசையை முடிவுகட்டிவிட்டேன், இனி இரண்டு புள்ளியாவது வைக்காமல் ஓரடி எடுக்கமாட்டேன் என்று ஜோதி மெஹரிடம் ஒப்புக்கொண்டான். சந்தேகம் இருந்தும் வாயைத் திறக்காமல் அவன் பின்னால் போனது தன் தப்பு என்றாள் சுடர். மெஹர் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, மீட்புக் குழு வரும்வரை விடவே இல்லை.