பர்கூர் வளைவில் தீர்ந்த இழை

நெசவாளி வீரபாகு பழைய வேன் ஒன்றை வாங்கிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு ஓட்டி வந்தபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பர்கூர் காட்டு வழியாகக் கொள்ளேகாலம் போய், தரகர் இல்லாமல் பட்டுநூல் வாங்கி வருவது அவன் திட்டம். அதே காட்டுப் பாதையில்தான் போன வருஷம் அவன் அண்ணன் கலியாணசுந்தரம் நூல் வாங்கப் போன லாரியோடு காணாமல் போனான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

மத்தியானம் வரைபடத்தைத் தரையில் விரித்தான். வளைந்து போகும் பாதையை நூல் வைத்துத்தான் அளக்க வேண்டும். அவன் தறியில் இருந்தது கல்யாணப் புடவைக்கான பச்சைப் பாவு நூல். அதில் கைவைக்க மனம் வரவில்லை. அண்ணன் தறியில் பாதியில் நின்றுபோன அரக்குப் பாவிலிருந்து ஓர் இழையை அறுத்தான்.

மாசமாக இருந்த மனைவி தையல்நாயகி பதறினாள். "இன்னாங்க இது! செத்தவங்க போட்ட பாவு, அத நெஞ்சு முடிக்காம அறுக்கலாமா?"

"ஒரு இழைதானே, போம்மா."

காஞ்சிபுரத்தில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, பாதை நெடுக இழையை வைத்துக்கொண்டே போனான். பர்கூர் தாண்டி ஒரு வளைவில் இழை தீர்ந்தது. இன்னொரு முழ இழையை முடிச்சுப் போட்டு நீட்டினான்.

அதே வளைவில் தீர்ந்தது.

அறையில் ஈரமண்ணும் டீசலும் கலந்து நாறின.

"உங்க அண்ணன் அங்கதான் இருக்காரு," என்று தையல்நாயகி கிசுகிசுத்தாள். "போவாதீங்க. இந்தப் புள்ள அப்பன் மொகத்தப் பாக்கணும்."

வீரபாகு நன்றாகவே பயந்துவிட்டான். அவள் வயிற்றில் கைவைத்து, "போவல. சத்தியமா போவல," என்றான். இழையை எடுக்கத் துணிவில்லாமல் அப்படியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் விளக்கேற்ற இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். இழை குறைந்திருந்தது. அதன் முனை இப்போது சேலத்தில் இருந்தது.

"எலி இழுத்திருக்கும்," என்றான். குரலில் உயிரில்லை.

அவள் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினாள். வேலூர்.

"நாம போவலல்ல," என்றாள். "அதான் அவரு வந்துக்கினு இருக்காரு."

வாசலில் வேன் ஹாரன் ஒருதரம் அடித்தது.

சாவி வீரபாகுவின் இடுப்பில் இருந்தது.

யாரோ கூப்பிட்டாற்போல் அவன் எழுந்தான். "வேணாங்க!" என்று அவள் அவன் கையைப் பற்றினாள். அது சில்லென்று நனைந்து, பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வேன் இல்லை. வீரபாகுவும் இல்லை. தெருவில் யாருமே எதையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தாள். அரக்கு இழை மறுபடியும் அந்த வளைவு வரை நீண்டு கிடந்தது.

அதை ஒட்டி, அதே வளைவு வரை, ஒரு பச்சை இழை.