பலகைக்குப் பின்னால் படிக்கட்டு

"பால் தீர்ந்துபோச்சு டெல்... வரும்போது வாங்கிட்டு வா."

மேலிருந்து கணவன் வெண்டல் குரல் கொடுத்தான்.  டெல்ஃபீன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாலோடு திரும்பியபோது அவன் படிக்கட்டின் அடியில் கிடந்தான்.

கழுத்து ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது.

கால் இடறி விழுந்திருக்கிறான் என்றது ப்ரூக்ளின் போலீஸ்.

அது நவம்பரில். இப்போது ஜனவரி.

பழைய பழுப்புக் கல் வீடு. கீழ்த்தளம் எவர்ட்டன் என்ற பெரியவருக்குச் சொந்தம். மேல் மூன்று தளங்கள் அவர்களுக்கு. மொத்தமாக விற்க இரண்டு வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த வெண்டல் கடைசிவரை மறுத்தான். அவன் போன பிறகு டெல்ஃபீனுக்கு அங்கே தூக்கம் வரவில்லை. விற்றுவிடலாமே என்று எவர்ட்டன் கேட்டபோது தலையாட்டிவிட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீடு பார்க்க வந்தவர்களை வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னாள். புதுத் தரை. உச்சித் தளத்தை மட்டும் காட்டவில்லை. அவளுக்கே அங்கே ஏறத் தெம்பில்லை.

எல்லோரும் போய்விட்டார்கள்.

கதவைப் பூட்ட வந்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு ஜோடி ஷூ!

ஆண்பிள்ளை ஷூ. இந்தப் பனியில் எவன் வெறுங்காலோடு வீட்டுக்குப் போவான்?

அப்படியென்றால்...

உச்சியில் எங்கோ மரத்தரை முனகியது.

வெளியே பாய்ந்து, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். மக்கரோனித் தட்டோடு வந்த எவர்ட்டன், விஷயம் கேட்டதும் தட்டை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். போலீஸைக் கூப்பிடலாம் என்றாள். மறுபடி போலீஸ் வண்டி நின்றால் வாங்க வருபவன் ஓடிப்போவான் என்று அவர் தடுத்தார்.

"முன்னால நான் போறேன். என் பின்னாலயே வாம்மா."

"புதுப்பிக்கிற வேலை ஆரம்பிச்சதிலேர்ந்து நீங்க மேல வந்ததே இல்லையே... பாத்து."

"எங்கே வர்றது? முட்டி விட்டாத்தானே. இந்தத் தெருவுல எல்லா வீடும் ஒரே அச்சு. கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிடுவேன்."

மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நடுத்தளம். பக்கத்து வீடுகளில் எல்லாம் இங்கே இடப்பக்கம்தான் மேல்படி.

எவர்ட்டன் இடப்பக்கம் திரும்பவே இல்லை.

நேராக வலப்பக்கச் சுவருக்குப் போனார். வெறும் மரப்பலகைச் சுவர். ஓரப் பலகையை உள்ளங்கையால் அழுத்தினார்.

சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே படிக்கட்டு.

டெல்ஃபீன் அந்தக் கையையே பார்த்தாள்.

வெண்டலின் யோசனை அது. செத்த அன்று காலையில்தான் தச்சன் அந்தப் பலகையைப் பொருத்தினான். தச்சன், வெண்டல், அவள், பிறகு போலீஸ். வேறு யாருக்கும் தெரியாது.

எவர்ட்டன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல..."

"இருக்கு. மூஞ்சியிலயே எழுதியிருக்கு." அவன் பெருமூச்சு விட்டான். "கெஞ்சினேன் டெல்ஃபீன். ஒரே ஒரு கையெழுத்து. பலகையைத் திறந்து காட்டி, இதையா விக்கச் சொல்றீங்கன்னு சிரிச்சான். மேல்படியில நின்னு சிரிச்சான்."

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் முட்டியது.  

"உன்மேல எனக்குக் கோபமே இல்ல. நீ தலையாட்டினவ." சுத்தியல் உயர்ந்தது. "மேல ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்ல? பழி அவனுக்குப் போகட்டும்."

"எனக்கு வேண்டாம் சார்."

திறந்த பலகைக்குள் ஒருவன் நின்றான். காலில் சாக்ஸ். கையில் துப்பாக்கி.

"டிடெக்டிவ் கீலெஸ். சுத்தியலை மெதுவா கீழ வைங்க. புதுத் தரை."

எவர்ட்டன் கையில் விலங்கு விழுந்த பிறகுதான் டெல்ஃபீனுக்கு அழுகை வந்தது. வெண்டல் விழுந்து கிடந்த விதம் ஆரம்பத்திலிருந்தே மனதை உறுத்தியது என்றார் கீலெஸ். இடறினவன் அவ்வளவு தூரம் தள்ளி விழமாட்டான். மேலதிகாரி கேட்கவில்லை. அதனால் வீடு பார்க்க வந்தவர்போல நுழைந்து, படிக்கட்டை மறுபடி ஆராய, எல்லோரும் போகட்டும் என்று உச்சியில் காத்திருந்தாராம். பயமுறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

வாசலில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அருமையான வீடு மேடம். என் சம்பளத்துக்குத்தான் எட்டாது."

"நான் விக்கலை. கீழ் வீடு காலியாகும். ஜெயிலுக்குப் போய் விலை கேட்டுப் பாருங்க."



அழைப்பு மணிக்குப் பக்கத்தில் வெண்டலின் பெயர் அப்படியே இருந்தது.